அத்தியாயம் 6: கடைசிக் குழாயில் எஞ்ச வேண்டிய குளோரின்

விருதுநகர் மாவட்டத்துக்காரர்களுக்குக் குளோரின் வெளியூர்ச் சரக்கல்ல. சாத்தூரிலும் சிவகாசியிலும் தீக்குச்சி முனையில் முக்குகிற மருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருக்கிறது. ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டித் தறிகளில் நெய்யும் பேண்டேஜ் துணியைச் சலவை செய்து வெளுப்பாக்கும் வேலையில் குளோரின் சேர்மங்களுக்கு நெடுங்காலமாக இடமுண்டு. தோட்டத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகும் பி.வி.சி. குழாயின் எடையில் பாதிக்கு மேல் குளோரின்தான். சமையல் உப்பில் அது சுமார் 60 சதவீதம். நம் இரைப்பையில் சுரக்கும் அமிலமும் ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான். இத்தனை இடங்களில் யாரும் பேசாத இந்தத் தனிமம், குடிதண்ணீரில் லேசாக வாடை அடித்தால் மட்டும் "தண்ணியில மருந்தைக் கொட்டிட்டாங்க" என்ற முறையீடாக மாறிவிடுகிறது. அந்த முறையீடு தவறான கேள்வியைக் கேட்கிறது என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். தொட்டியில் எவ்வளவு போட்டார்கள் என்பது பாதி விஷயம். ஊரின் கடைசி வீட்டுக் குழாயில் எவ்வளவு எஞ்சி நிற்கிறது என்பதுதான் பாதுகாப்பைத் தீர்மானிக்கிறது. அந்த எண்ணை மக்களே அளக்க முடியும், அளக்கவும் வேண்டும்.

எஞ்சுவது ஏன் முக்கியம்

1774இல் ஸ்வீடன் வேதியியலாளர் ஷீலே குளோரின் வாயுவை முதன்முதலில் பிரித்தெடுத்தார். அது தனிமம் என்று 1810இல் ஹம்ப்ரி டேவி நிறுவினார். நூறாண்டுக்கும் மேலாக அது பெரும்பாலும் துணி வெளுக்கும் பொருளாகவே பெயர் பெற்றிருந்தது. 1908இல் அமெரிக்காவின் ஜெர்சி நகரில் ஜான் லீல் என்ற மருத்துவர் நகரக் குடிநீர் முழுவதற்கும் தொடர்ச்சியாகக் குளோரின் சேர்க்கத் தொடங்கினார். அந்நாட்டில் பெரிய அளவில் இதைச் செய்த முதல் நகரம் அதுதான். இதைக் குறித்து நீதிமன்றத்தில் வாதம் நடந்தது, குளோரின் வென்றது. அதன் பிறகு நகரங்களில் டைபாய்டு வேகமாகக் குறைந்தது. அமெரிக்க நகரங்களில் அக்காலத்தில் நிகழ்ந்த இறப்பு வீழ்ச்சியில் ஏறத்தாழ பாதிக்குத் தூய குடிநீரே காரணம் என்று 2005இல் டேவிட் கட்லரும் கிராண்ட் மில்லரும் கணக்கிட்டார்கள். பின்னர் அதே தரவுகளை மறுபரிசீலனை செய்த பொருளியலாளர்கள், அந்தப் பங்கு அவ்வளவு பெரிதல்ல என்று திருத்தினார்கள். இந்தத் திருத்தத்தையும் நாம் ஏற்றுக்கொள்ள வேண்டும்: சாவு குறைந்ததற்குத் தண்ணீர் மட்டுமே காரணமல்ல. ஆனால் தண்ணீர் வழியாகப் பரவும் டைபாய்டு, காலரா போன்ற நோய்களின் கிருமிகளைக் குளோரின் கொல்கிறது என்பது அதனால் மாறவில்லை.

குளோரின் தண்ணீரில் கலந்ததும் ஹைப்போகுளோரஸ் அமிலம் உண்டாகிறது. பாக்டீரியாவின் உறையைத் தாண்டி உள்ளே போய் அதன் புரதங்களைச் சிதைப்பது இந்த அமிலம்தான். ஆனால் அது கிருமியை மட்டும் தேடிப் போவதில்லை. தண்ணீரில் உள்ள இலைச்சாறு, சேறு, இரும்பு, அம்மோனியா என்று எதைக் கண்டாலும் அதனுடன் வினைபுரிந்து செலவாகிவிடும். இதைக் குளோரின் தேவை என்கிறோம். இந்தத் தேவையெல்லாம் தீர்ந்த பிறகு தண்ணீரில் சும்மா நிற்பதுதான் எச்சக் குளோரின். குழாய் வழியில் புதிதாக நுழையும் கிருமியைக் கொல்வது இந்த எச்சம் மட்டுமே. வடிகட்டியோ, புற ஊதா விளக்கோ, கொதிக்கவைப்பதோ செய்ய முடியாத வேலை இது: அவை ஓரிடத்தில் சுத்தம் செய்து அங்கேயே நின்றுவிடுகின்றன, எச்சக் குளோரின் தண்ணீரோடு கூடவே வருகிறது.

கூட வரவேண்டிய அவசியம் நம் ஊர்களில் அதிகம். மேல்நிலைத் தொட்டியிலிருந்து நாள் முழுக்கத் தண்ணீர் வருவதில்லை. காலையில் சில மணி நேரமோ, ஒருநாள் விட்டு ஒருநாளோ திறந்துவிடுகிறார்கள். மற்ற நேரத்தில் குழாய் வெற்றாகக் கிடக்கிறது. வெற்றுக் குழாயில் அழுத்தம் குறையும்போது, விரிசல் உள்ள இடத்தில் வெளித் தண்ணீர் உள்ளே இழுக்கப்படும். சாக்கடையை ஒட்டியே குழாய் ஓடுகிற தெருவில் அந்த வெளித் தண்ணீர் எதுவென்று சொல்லவேண்டியதில்லை. அழுத்தம் போதவில்லை என்று தரைமட்டத்துக்குக் கீழே பள்ளம் தோண்டிக் குழாய் வைப்பதும், இணைப்பில் மோட்டாரைப் போட்டு உறிஞ்சுவதும் இந்த ஆபத்தை இன்னும் கூட்டுகின்றன. ஆகவே தொட்டியில் தண்ணீர் சுத்தமாக இருந்தது என்பது கடைசி வீட்டுக்காரருக்கு எந்த உத்தரவாதமும் தராது.

அளவு: ஒரே கரண்டி, வேறு வேறு பலன்

இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 10500:2012) குடிநீரில் குறைந்தது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் எச்சக் குளோரின் இருக்க வேண்டும் என்கிறது. வைரஸ் தொற்றிலிருந்து பாதுகாப்பு வேண்டுமானால் அது 0.5. உலகச் சுகாதார நிறுவனம் உடல்நலம் கருதி விதித்த மேல்வரம்பு லிட்டருக்கு 5 மில்லிகிராம். 0.2க்கும் 5க்கும் இடைவெளி மிகப் பெரியது. பயம் அதிகமாக இருக்கும் பக்கத்தில்தான் தவறு நேர இடம் குறைவு. நம் ஊர்களில் தவறு பெரும்பாலும் கீழ்ப்பக்கத்தில்தான் நேர்கிறது. காரணத்தை ஒரு கணக்கில் பார்க்கலாம்.

30,000 லிட்டர் தொட்டிக்கு லிட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் போட வேண்டுமானால் 60 கிராம் குளோரின் தேவை. புதிய பிளீச்சிங் பவுடரில் சுமார் 33 சதவீதம் குளோரின் இருக்கும்; ஆகவே 182 கிராம் பவுடர் போதும். அந்தத் தண்ணீரின் குளோரின் தேவை லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்றால் மிச்சம் 1 மில்லிகிராம். தாராளமாகக் கடைசிக் குழாய் வரை போய்ச்சேரும். இப்போது அதே பவுடர் மூட்டை வாய் திறந்தபடி தகரக் கூரையின் கீழ் கோடை முழுக்கக் கிடந்து, சத்து 20 சதவீதமாக இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். டேங்க் ஆபரேட்டர் வழக்கம்போல அதே 182 கிராமைத்தான் போடுகிறார். இப்போது கிடைப்பது லிட்டருக்கு 1.2 மில்லிகிராம். தேவைக்கு 1 போக, தொட்டியிலேயே 0.2தான் எஞ்சும். குழாயில் போகப் போக அது பூஜ்யமாகும். பதிவேட்டில் இரண்டு நாளும் ஒரே அளவுதான் எழுதப்பட்டிருக்கும். முதல் நாள் ஊர் பாதுகாப்பாக இருந்தது, இரண்டாம் நாள் இல்லை. "பவுடர் போட்டாச்சா?" என்று கேட்பது போதாது என்று சொல்வதற்கு இந்தக் கணக்கே சாட்சி.

மகாராஜபுரம் போன்ற ஊருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. வத்திராயிருப்பிலிருந்து தாணிப்பாறை போகும் வழியில் இருப்பதால், ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி ஏறவரும் பக்தர் கூட்டத்தின் தாகமும் இந்தப் பகுதியின் தண்ணீரைத்தான் நம்பியிருக்கிறது. வழக்கமாக ஒருமுறை நிரப்பும் தொட்டியை அன்று இரண்டு, மூன்று முறை நிரப்பினால், காலையில் ஒருமுறை போட்ட பவுடர் முதல் நிரப்பலோடு போய்விடும். ஆகவே அளவு நாளுக்கு அல்ல, நிரப்பலுக்கு. அதேபோல, பவுடர் கரைசலை ஊற்றிய பிறகு குறைந்தது அரைமணி நேரம் தண்ணீர் தொட்டியில் நிற்க வேண்டும். கூட்டம் காத்திருக்கிறதே என்று உடனே திறந்துவிட்டால் கிருமிக்கும் குளோரினுக்கும் சந்திக்க நேரமில்லாமல் போகும். விழாநாட்களில் கூடுதலாகத் தற்காலிகத் தொட்டிகள் வைப்பது இந்த அரைமணி நேரத்தைச் சம்பாதித்துத் தரும் எளிய வழி.

பவுடரைக் கையாளும் முறை

பிளீச்சிங் பவுடரை அப்படியே தொட்டியில் தூவக் கூடாது. பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கூழாகக் குழைத்து, பிறகு வாளி முக்கால் நிரம்பும்வரை தண்ணீர் சேர்த்துக் கலக்கி, பத்துப் பதினைந்து நிமிடம் தெளிய விட வேண்டும். அடியில் படிவது சுண்ணாம்பு. அது கிருமியைக் கொல்லாது, தண்ணீரின் கடினத்தன்மையைத்தான் கூட்டும். மேலே தெளிந்த நீரை மட்டும் இறுத்துத் தொட்டியில் ஊற்ற வேண்டும். இரும்பு வாளி, இரும்புக் கரண்டி வேண்டாம், அரித்துவிடும். பவுடர் மூட்டையை வெயிலும் ஈரமும் படாத இடத்தில், மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம்மில் வைத்து, திறந்த தேதியை மேலே எழுதிவைப்பது நல்லது. தொட்டியைச் சுத்தம் செய்த நாளைத் தொட்டியின் மேலேயே எழுதுகிற வழக்கம் நம் ஊராட்சிகளில் உண்டு. பவுடர் டிரம்முக்கும் அதே வழக்கம் வந்தால் மேலே சொன்ன கணக்குப் பிழை பாதி தீரும். சேறு படிந்த தொட்டியில் எவ்வளவு குளோரின் போட்டாலும் சேறே அதைத் தின்றுவிடும் என்பதால், தொட்டி கழுவுதலும் குளோரின் போடுவதும் ஒரே வேலையின் இரு பாதிகள்.

கிணற்றுக்கு அளவு காண, விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, நீரின் ஆழத்தாலும் 3.14ஆலும் பெருக்கி, நான்கால் வகுத்தால் கனமீட்டர் கிடைக்கும்; அதை ஆயிரத்தால் பெருக்கினால் லிட்டர். 3 மீட்டர் விட்டமும் 4 மீட்டர் நீரும் உள்ள கிணற்றில் சுமார் 28,260 லிட்டர் இருக்கும். லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்றால் 56.5 கிராம் குளோரின்; 25 சதவீதச் சத்துள்ள பவுடரில் அது 226 கிராம். தெளிந்த கரைசலை வாளியோடு நீருக்குள் இறக்கி, மேலும் கீழும் இழுத்துக் கலந்து, ஒரு மணி நேரம் கழித்துத்தான் இறைக்க வேண்டும். வீட்டுக் குடத்துக்கு என்றால் கடையில் கிடைக்கும் குளோரின் மாத்திரையே வசதி. அட்டையில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கை மீறாமல் போட்டு அரைமணி நேரம் மூடிவையுங்கள். கலங்கல் தண்ணீரானால் முதலில் வேட்டித் துணியை நாலாக மடித்து வடிகட்டுங்கள். வாசனை சேர்த்த வெளுப்புத் திரவங்களைக் குடிநீரில் ஒருபோதும் கலக்காதீர்கள்.

எப்படி அளப்பது

எச்சக் குளோரினை அளக்கும் பெட்டி சிறியது, விலை குறைந்தது. ஊராட்சிகளிலும் சுகாதார நிலையங்களிலும் இருப்பது பெரும்பாலும் குளோரோஸ்கோப்: சோதனைக் குழாயில் தண்ணீர் எடுத்து, ஆர்த்தோடோலிடின் சொட்டுகள் விட்டால் குளோரின் உள்ள அளவுக்கு மஞ்சள் நிறம் வரும், பக்கத்தில் உள்ள நிற அட்டையோடு ஒப்பிட வேண்டும். உடனே தெரியும் நிறத்தைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். நின்று நின்று அடர்த்தியாகும் நிறம், அம்மோனியாவோடு குளோரின் சேர்ந்து உண்டான வலுக்குறைந்த குளோரமைனையும் சேர்த்துக் காட்டும். டி.பி.டி. என்ற மாத்திரையில் நிறம் இளஞ்சிவப்பு. அது இன்னும் நம்பகமானது. சோதித்த தண்ணீரைக் குடிக்கவோ பாத்திரத்தில் திரும்ப ஊற்றவோ கூடாது. ஜல் ஜீவன் திட்டத்தின் கீழ் ஒவ்வொரு கிராமத்திலும் ஐந்து பெண்களுக்குத் தண்ணீர்ச் சோதனையில் பயிற்சி தரவேண்டும் என்பது ஏற்பாடு. அந்தப் பயிற்சி பெற்றவர்கள் தொட்டியடியில் மட்டுமல்லாமல், நடுத்தெருவிலும் கடைசித் தெருவிலும் சோதித்தால்தான் பயிற்சிக்குப் பொருளுண்டு. தொட்டியடியில் 1, கடைசியில் 0 என்று வந்தால், பவுடரைக் கூட்டுவதற்கு முன் இடையில் எங்கே குழாய் கசிகிறது என்று தேடுங்கள். கடைசிக் குழாய் எண் குளோரினை மட்டும் அல்ல, குழாயின் நலத்தையும் சேர்த்தே சொல்லிவிடும்.

எழக்கூடிய மறுப்புகள்

முதல் மறுப்பு வாடை. கடும் வாடை அடித்தால் குளோரின் அதிகம் என்றுதான் நினைக்கிறோம். பலமுறை உண்மை நேர்மாறானது. அசுத்தத்தில் உள்ள அம்மோனியாவோடு குளோரின் சேர்ந்து உண்டாகும் குளோரமைன்களுக்கே மூக்கை அரிக்கும் வாடை. அசுத்தத்தை முழுக்கத் தீர்க்கும் அளவுக்குக் குளோரின் போதாதபோது அவை தேங்குகின்றன. ஆகவே வாடையை வைத்துத் தீர்ப்புச் சொல்லாமல் அளந்து பார்க்க வேண்டும். அளவு சரியாக இருந்தும் வாடை பிடிக்கவில்லை என்றால், குடிக்கும் தண்ணீரை மட்டும் அகலமான பாத்திரத்தில் துணியால் மூடிவைத்தால் சில மணி நேரத்தில் குறையும். ஆனால் அதே நேரத்தில் பாதுகாப்பும் குறைகிறது என்பதால் அன்றன்று குடிக்கும் அளவுக்கு மேல் அப்படி வைக்க வேண்டாம்.

இரண்டாவது மறுப்பு புற்றுநோய். இது கற்பனை அல்ல. 1974இல் ரோட்டர்டாமில் யோஹானஸ் ரூக், குளோரினும் தண்ணீரில் கரைந்த தாவரப் பொருளும் சேர்ந்து டிரைஹேலோமீத்தேன்கள் உண்டாவதைக் கண்டறிந்தார். நீண்ட காலம் இவை அதிகம் உள்ள நீரைக் குடித்தால் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் கூடலாம் என்று சில ஆய்வுகள் கூறுகின்றன. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1991இல் குளோரின் சேர்த்த குடிநீரை, புற்றுநோய் உண்டாக்கும் என்றோ உண்டாக்காது என்றோ வகைப்படுத்தப் போதிய சான்று இல்லாத பிரிவில் வைத்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலை தெளிவானது: துணைப்பொருளைக் குறைக்கும் முயற்சியில் கிருமிநீக்கத்தை விட்டுக்கொடுக்கக் கூடாது. இதற்குச் சரியான பதில் குளோரினைக் குறைப்பதல்ல. குளோரின் போடுவதற்கு முன்பே இலைச்சாற்றையும் சேற்றையும் வடிகட்டுவது. ராஜபாளையத்துக்கு ஆறாவது மைல் நீர்த்தேக்கத்திலிருந்து வருவதுபோல மலையடி ஓடைகளின் தண்ணீரை நம்பும் ஊர்களுக்கு இது முக்கியம். ஆழ்துளைக் கிணற்று நீரில் தாவரப் பொருள் பொதுவாகக் குறைவு.

மூன்றாவது, மலைத்தண்ணீர் தானே சுத்தம் என்ற நம்பிக்கை. மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து இறங்கும் ஓடை கண்ணுக்குத் தெளிவாக இருக்கலாம். மாடும் காட்டுவிலங்கும் மனிதரும் கடக்கிற ஓடையில் கிருமி இல்லை என்பதற்குத் தெளிவு சாட்சியாகாது. நான்காவது, "நாங்கள் கேன் தண்ணீர்தான் குடிக்கிறோம்" என்பது. ஆர்.ஓ. கருவி உப்பைக் குறைக்கும். கூடவே குளோரினையும் அதன் கரி வடிகட்டி நீக்கிவிடும். அதன்பின் அந்த நீர் அழுக்கான கேனிலோ கை விட்டு மொள்ளும் குடத்திலோ வந்தால், அதைக் காக்க உள்ளே எதுவும் இல்லை. கொதிக்கவைத்த தண்ணீருக்கும் இதே கதைதான். கொதிக்கவைப்பது நல்ல வழி, ஆனால் ஆறிய பிறகு அதைக் காப்பது மூடியும் சுத்தமான கரண்டியும்தான்.

ஐந்தாவது மறுப்பு நியாயமான பயம். 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர் போர்க்களத்தில் ஜெர்மன் படை திறந்துவிட்ட வாயு இதே குளோரின்தான். காற்றைவிட இரண்டரை மடங்கு கனமான வாயு என்பதால் அது தாழ்வான இடத்தில் தேங்கும். பெரிய நீரேற்று நிலையங்களில் சிலிண்டரில் வைத்திருக்கும் குளோரினுக்கு இந்தப் பயம் பொருந்தும். கசிந்தால் காற்றுக்குக் குறுக்கே விலகி மேட்டுக்குப் போக வேண்டும். லிட்டருக்கு அரை மில்லிகிராம் உள்ள குடிநீருக்கு அந்தப் பயம் பொருந்தாது. நம் வீட்டுக்குள் உண்மையான ஆபத்து குளியலறையில் இருக்கிறது: பிளீச்சிங் பவுடரையும் கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிட்டையும் ஒன்றாகக் கொட்டினால் அந்த நொடியே குளோரின் வாயு எழும். இரண்டையும் ஒரே நாளில்கூடப் பயன்படுத்தாதீர்கள். தவறி நடந்தால் கதவைத் திறந்துவிட்டு உடனே வெளியே வந்துவிடுங்கள்.

குளோரினால் முடியாததையும் சொல்லிவிட வேண்டும். 1993இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் குளோரின் சேர்த்த நீரைக் குடித்தும் சுமார் 4 லட்சம் பேர் நோயுற்றார்கள். கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி குளோரினுக்கு மசியாது, நன்றாக வேலை செய்யும் வடிகட்டி அதைத் தடுக்கும். புளோரைடு, உப்பு, கடினத்தன்மை ஆகியவற்றைக் குளோரின் தொடுவதில்லை. தண்ணீரின் பி.எச். 8க்கு மேல் போனால் அதன் வலு குறைகிறது. குடிநீர் அளவில் அது ஏடிஸ் கொசுப்புழுவைத் தீர்க்கும் என்றும் நம்பக் கூடாது. தொட்டிக்கு மூடிதான் அதற்கு மருந்து. இந்தக் குறைகள் எதுவும் குளோரினை விட்டுவிடக் காரணமாகாது. வடிகட்டலும் மூடியும் கசிவடைப்பும் அதனுடன் சேர வேண்டும் என்பதற்கே காரணம்.

செய்ய வேண்டியது

தமிழ்நாட்டில் மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்றும் கிராமசபை கூடுகிறது. அங்கே ஊராட்சித் தலைவரிடமோ செயலரிடமோ ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: கடந்த மாதம் ஊரின் கடைசிக் குழாயில் எச்சக் குளோரின் எவ்வளவு இருந்தது? பதிவேட்டில் எண் இருந்தால் அதை வாசிக்கச் சொல்லுங்கள். எண் இல்லையென்றால் வாரம் ஒருமுறை மூன்று இடங்களில் அளந்து, தேதியோடு தொட்டியின் அடியில் உள்ள பலகையில் எழுதவேண்டும் என்று தீர்மானம் போடுங்கள். 0.2க்குக் கீழே போனால் அன்றே பவுடரின் சத்தையும் குழாயின் கசிவையும் பார்க்கவேண்டியது யார் என்று பெயரோடு எழுதச் சொல்லுங்கள். ஆண்டுக்கு இருமுறையாவது தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பி, பாக்டீரியாச் சோதனையோடு இந்த எண்ணை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். வாடையைப் பற்றிய சண்டைகள் முடிவதில்லை. பலகையில் எண் ஏறிவிட்டால் அந்தச் சண்டைக்கே வேலையில்லை.